பதினொரு பலகைக் குடைக்கடை

தாசையன் கையில் ஆறாவது பலகையோடு கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் ஜவுளிக்கடை சோமனின் அப்பா போய்க்கொண்டிருந்தார், பெட்டியில்.

தெருவில் மற்ற எல்லாக் கடைகளும் அடைத்துக் கிடந்தன. குடைக்கடை மட்டும் பாதி அடைத்து, பாதி திறந்து கிடந்தது. திறந்த பாதியில் கறுப்புக் குடைகள் வரிசையாகத் தொங்கின. பலகையைச் சொருகுவதா, கீழே வைத்துவிட்டுக் கும்பிடுவதா என்று தாசையனுக்குத் தெரியவில்லை. கடைசியில் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு தலை குனிந்தார்.

எதிரே என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் ஷட்டருக்கு முன்னால் கைகட்டி நின்ற எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமினேன். என்னைப் பார்த்து ரப்பர் ஷீட் கடைக்காரரும் இருமினார். அன்று அந்தத் தெருவில் பலருக்கும் தொண்டை சரியில்லை.

பழைய கடைகளைப் பற்றி இத்தனை வாரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். வாசகர்கள் கண்கலங்கி எழுதுகிறார்கள். அந்தக் கடைகளில் பத்து வருடமாக ஒரு பொருளும் வாங்காதவர்கள்தான் அதிகமாகக் கலங்குகிறார்கள். குடைக்கடையைப் பற்றி எழுதாமல் தொடரை முடித்துவிடலாம் என்றுதான் நானும் பார்த்தேன். காரணம் உண்டு. அதில் நான் வரும் இடம் எனக்கு அவ்வளவு நன்றாக இல்லை.

அடைக்கத் தெரிந்த தெரு

பாறசாலையைத் தாண்டி, தமிழ்நாட்டு எல்லை வருவதற்குள் இருக்கிறது எங்கள் சந்தை ரோடு. நாற்பது கடை இருக்கும். எங்களுக்குக் கடை திறப்பதைவிட அடைப்பதில்தான் தேர்ச்சி அதிகம். கேரளத்தில் ஹர்த்தால் என்றால் அடைப்போம். அந்தப் பக்கம் பந்த் என்றால், சரக்கு வராது என்று காரணம் சொல்லி அதற்கும் அடைப்போம்.

ஹர்த்தால் அடைப்பு பாதி அடைப்பு. ஷட்டரை இடுப்பு உயரத்தில் நிறுத்திவிட்டு உள்ளே வியாபாரம் நடக்கும். குனிந்து நுழைய முடிந்தவர்களுக்கு எல்லாம் கிடைக்கும். முதுகுவலிக்காரர்கள் மறுநாள் வரை காத்திருக்க வேண்டும்.

சவத்துக்கு அடைப்பது அப்படியல்ல. தெருவில் கடை வைத்திருந்தவர் இறந்தால், அவர் உடல் கடக்கும்போது ஒரு கடையும் திறந்திருக்கக் கூடாது. ஊர்வலம் திருப்பத்தில் தெரிந்ததும் முதல் கடையின் ஷட்டர் விழும். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. உயிரோடு இருந்தபோது தராசுத் தட்டில் விரலை வைத்து நிறுத்தவராக இருந்தாலும், அந்த ஐந்து நிமிடம் அவர் பெரிய மனிதர். எங்கள் தெருவில் கடை வைத்திருந்த எல்லோருக்கும் மனதுக்குள் அந்த ஐந்து நிமிடத்தின் மேல் ஓர் ஆசை உண்டு. எனக்கும் உண்டு.

ஷட்டர் என்றால் ஒரு இழுப்பு. தாசையன் கடைக்கு ஷட்டர் கிடையாது, நிரைப்பலகைதான். வாசலின் மேலும் கீழும் ஓடும் காடிப் பள்ளத்தில் ஒவ்வொன்றாகச் சொருகி நகர்த்த வேண்டும். மொத்தம் பதினொன்று. உளியால் வெட்டிய எண் ஒவ்வொன்றிலும் உண்டு. வரிசை மாறினால் கடைசிப் பலகை நுழையாது. எல்லாம் முடிந்து இரும்புப் பட்டையை மாட்டிப் பூட்டுவதற்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். மழையில் மரம் ஊதிக்கொண்டால் இன்னும் கூடும்.

எங்கள் பகுதிக்கு மழைக்காலம் இரண்டு. பள்ளிக்கூடம் திறக்கும்போது கேரளத்து மழை, ஐப்பசியில் தமிழ்நாட்டு மழை. குடை விற்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. பலகைக் கதவு வைக்க இதைவிடப் பொருத்தமில்லாத இடமும் கிடையாது.

சவம் வேகமாகப் போனது

அப்போது நான் வியாபாரிகள் சங்கத்தின் இணைச் செயலாளர். தகுதி, என்னிடம் டைப்ரைட்டர் இருந்தது. சங்கத்தின் இரங்கல் தீர்மானங்களைத் தமிழ், மலையாளம், இங்கிலீஷ் மூன்றிலும் நான்தான் அடிப்பேன். எல்லாம் ஒரே தீர்மானம், பெயரை மட்டும் மாற்றுவேன். ஒருமுறை பெயரை மாற்ற மறந்துவிட்டேன். மூன்று மாதம் முன்பு இறந்த மளிகைக்கடைக்காரர் இரண்டாவது தடவையும் இறந்தார். கூட்டத்தில் எல்லோரும் எழுந்து நின்று மௌனம் அனுசரித்தார்கள். யாரும் கவனிக்கவில்லை.

சோமன்தான் பிரசிடென்ட். அப்பாவின் காரியங்கள் முடிந்த மறுநாளே வந்து உட்கார்ந்து, தாசையனுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அடிக்கச் சொன்னார். அடித்தேன். இரண்டு நாளில் அதே நோட்டீஸின் பின்பக்கத்தில் பென்சிலில் பதில் வந்தது. "பலகை பதினொண்ணு. ஆறு வைக்கதுக்குள்ள சவம் வேகமாட்டு போச்சு."

கமிட்டியில் இதை நான் உரக்க வாசித்தேன்.

"அப்பம் தப்பு எனக்க அப்பனுக்காக்கும்?" என்றார் சோமன்.

தாசையன் அப்படி எதுவும் நினைக்கவில்லை. அவருக்கு நடந்ததை நடந்தபடி சொல்லும் கெட்ட பழக்கம் இருந்தது. இனி ஒருமுறை பிந்தினால் சங்கத்திலிருந்து நீக்கம் என்று எச்சரிக்கை போயிற்று. அதையும் நான்தான் அடித்தேன்.

பொன்னையன் கடந்துபோனார்

தாசையன் அதற்குப் பிறகு பிந்தவேயில்லை. முந்திவிட்டார்.

பேக்கரி பொன்னையன் திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு வாரமாகக் கிடந்தார். இனி தாங்காது என்று தெருவில் பேச்சு. ஒருநாள் காலையில் நெய்யாற்றின்கரைப் பக்கமிருந்து ஆம்புலன்ஸ் வரும் சத்தம் கேட்டது. தாசையன் ஒன்றாம் பலகையைத் தூக்கினார். அன்று அவர் காட்டிய வேகத்தை அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்ததில்லை. பதினொன்றும் ஏறி, பட்டை மாட்டி, பூட்டி, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, தலைகுனிந்து நின்றார்.

ஆம்புலன்ஸ் மெதுவாக வந்தது. ஜன்னல் வழியாகப் பொன்னையன் தெருவைப் பார்த்தார். குணமாகி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். தெருவில் எல்லாக் கடையும் திறந்திருந்தது, ஒன்றைத் தவிர. அதன் வாசலில் ஒருவர் தனக்கு அஞ்சலி செலுத்திக்கொண்டிருப்பதை அவர் நன்றாகப் பார்த்தார்.

பொன்னையன் அதன் பிறகு நாலு வருடம் திடகாத்திரமாக இருந்தார். அந்த நாலு வருடமும் கம்பி ஒடிந்த குடையோடு நனைந்துகொண்டே நடந்தார். குடைக்கடையில் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை. கொடுக்க மாட்டேன் என்று ஒரு வைராக்கியம்.

தாசையனைச் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். தீர்மானத்தில் காரணம் எழுத நான் மிகவும் கஷ்டப்பட்டேன். "உரிய நேரத்துக்கு முன்பாகத் துக்கம் அனுசரித்ததால்" என்று எழுதியதாக ஞாபகம்.

மெஷினுக்குப் பின்னால் இருந்தவர்

போர்டில் "தாசையன் குடைக்கடை" என்று இருக்கும். உள்ளே தையல் மெஷினில் இருந்தவர் அவர் மனைவி ஞானப்பூ அக்கா.

எட்டு முக்கோணத் துண்டுகளை வெட்டி, சேர்த்துத் தைத்து, கம்பியின் நுனியில் முடிச்சுப் போட்டுக் கட்டுவதுதான் குடை வேலை. அதை முழுக்கச் செய்தவர் அவர்தான். தாசையன் முன்னால் நின்று குடையை விரித்துக் காட்டுவார். அவரை விட்டால் விரித்த குடையை மடக்குவதற்கும் உள்ளேதான் கொடுப்பார்.

அக்காவின் வாய்க்குத் தெருவே பயப்படும். நான் இன்ஸ்டிடியூட் தொடங்கிய புதிதில், எதிர்க்கடை என்ற மரியாதைக்கு ஒரு குடை வாங்கப் போனேன்.

"சாரே, டைப்பு படிச்சா சர்க்கார் வேலை கிட்டும்னு போர்டு வச்சிருக்கியளே, உள்ளதா?"

"கண்டிப்பாட்டு கிட்டும்."

"பின்ன சாருக்கு எதுக்கு கிட்டல்ல?"

நான் குடையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் மனைவியிடம் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பு அடுத்த நாள் வரை நீடித்தது. அதன் பிறகு இருவரும் ஞாயிற்றுக்கிழமை பாலராமபுரம் கைத்தறிச் சேலை கட்டிச் சபை ஆராதனைக்குச் சேர்ந்து போகும் அளவுக்குச் சிநேகிதம் ஆனார்கள். போகும் வழியெல்லாம் பேச்சு நான்தான் என்று எனக்குச் சந்தேகம்.

சங்கத்திலிருந்து நீக்கிய கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தாசையன் வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அக்கா மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார். "சங்கம் போனா போட்டு. மழைக்கு சங்கம் உண்டுமா, சாரே?"

அன்று அது எனக்கு வெறும் வாய்த்துடுக்காகத்தான் பட்டது.

எழுதாத சட்டம்

பிறகு எல்லாம் மாறியது. சோமனின் ஜவுளிக்கடை சூப்பர் மார்க்கெட் ஆயிற்று. ஆள் வந்தால் தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு வைத்தார். அந்தக் கதவில் நுழைந்து பார்ப்பதற்காகவே அம்பூரியிலிருந்து ஆட்கள் பஸ்ஸில் வந்தார்கள். என் இன்ஸ்டிடியூட் போட்டோஸ்டாட், ஆன்லைன் விண்ணப்பம் என்று வேஷம் மாற்றிக்கொண்டது. பொன்னையன் நிஜமாகவே இறந்து, மகன் ஷிபு பேக்கரியில் உட்கார்ந்தான். சங்கம் மட்டும் மாறவில்லை. சோமனே பிரசிடென்ட், நானே இணைச் செயலாளர்.

ஐந்தாறு வருடம் முன்பு இருக்கும். ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை. ஏதோ விஷயமாகச் சோமனும் ஷிபுவும் என் கடையில் உட்கார்ந்திருந்தபோது தாசையன் படியேறி வந்தார். சங்கம் நீக்கிய நாளிலிருந்து அவர் என் படி ஏறியதில்லை.

"அவ போயாச்சு, சோமா," என்றார். "வெளுப்பிலேயாக்கும்."

ஞானப்பூ அக்கா விடியற்காலையில் இறந்தது எங்களுக்கு முன்பே தெரியும். சோமன் எழுந்து அவர் கையைப் பிடித்தார். "அறிஞ்சோம் அண்ணே. நாலு மணிக்கு அடக்கம் இல்லியா? நாங்க எல்லாரும் வாறோம்."

"வருவிய, தெரியும். நான் வந்தது வேற காரியம். அவளைக் கொண்டு போவும்பம் தெரு அடைக்கணும்."

சோமன் கையை விட்டார். "அண்ணே, சங்கத்துக்குச் சட்டம் உண்டு. சாரே, நீரு சொல்லும்."

சட்டம் எனக்கு மனப்பாடம். உறுப்பினர் இறந்தால் உடல் கடக்கும் வரை அடைப்பு. உறுப்பினரின் தாய் தகப்பன் இறந்தாலும் அப்படியே. இரண்டையும் சொன்னேன்.

"கெட்டினவளுக்கு?"

"அது எழுதல்ல," என்றேன்.

"எதுக்கு எழுதல்ல?"

"இதுவரைக்கும் ஆரும் கேக்கல்ல."

"இப்பம் நான் கேக்கேன்."

ஷிபு குறுக்கே வந்தான். "மாமா, நீங்க மெம்பரே இல்லியே. மெம்பர் இல்லாத ஆளுக்க வீட்டுக்கு எப்பிடி அடைக்கது?"

"எனக்கு அடைக்காண்டாம், மக்கா. நான் செத்தா எல்லாத்தையும் திறந்து போட்டு வியாபாரம் செய்யுங்க. நான் கேக்கது அவளுக்கு. அந்தக் கடையில அவளாக்கும் வியாபாரி. நாப்பது வருசம் மெசினுக்க முன்னால இருந்தா. உங்களுக்கெல்லாம் குடை தைச்சது நானா?"

சோமன் யோசித்துவிட்டுச் சொன்னார். "அப்பிடிப் பாத்தா எல்லாக் கடையிலயும் ஒரு பெண்ணு உண்டும் அண்ணே. இண்ணைக்கு இவங்களுக்கு அடைச்சா நாளைக்கு எல்லாருக்கும் அடைக்கணும். பின்ன தெரு எப்பளாக்கும் திறக்கது?" அதில் தான் ஒப்புக்கொண்டுவிட்டது என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. என் பக்கம் திரும்பினார். "சாரு என்ன சொல்லுதீரு?"

பக்கத்து அறையில் என் மனைவி இருந்தாள். முப்பது வருடமாகப் பாதி மாணவர்களுக்கு அவள்தான் பாடம் எடுத்தாள். போர்டில் என் பெயர் மட்டும் இருந்தது. அவள் அங்கே இருப்பதும், கேட்டுக்கொண்டிருப்பதும் எனக்குத் தெரியும்.

"ஆலோசிக்க வேண்டிய விஷயம்," என்றேன். நான் மூன்று பாஷையிலும் பிழையில்லாமல் சொல்லக்கூடிய வாக்கியம் அது ஒன்றுதான்.

தாசையன் என்னைப் பார்த்தார். "செரி," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சங்கத்தின் சார்பில் ஒரு ஃபிளெக்ஸ் வைப்பதென்று தீர்மானமாயிற்று. மதியத்துக்குள் ஜங்ஷனில் ஏறிவிட்டது. அக்காவின் படம் ஆதார் கார்டு அளவுக்கு இருந்தது. கீழே அஞ்சலி செலுத்தும் சோமனின் படம் அதைவிட நாலு மடங்கு. பனச்சமூடு பஸ்ஸில் போனவர்கள் சூப்பர் மார்க்கெட்காரர் போய்விட்டார் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

நாலு மணி

நாலு மணிக்குக் கண்ணாடிப் பெட்டி வைத்த ஆம்புலன்ஸ் திருப்பத்தில் தெரிந்தது. ஒரு ஷட்டரும் விழவில்லை. கடைக்காரர்கள் எல்லோரும் வாசலுக்கு வந்து கைகட்டி நின்றோம். எங்களுக்குப் பின்னால் கடைகள் விளக்கெரியத் திறந்து கிடந்தன. எனக்கு மனம் கேட்கவில்லை. ஷட்டரை இடுப்பு உயரத்துக்கு இறக்கிவிட்டு நின்றேன். கேட்டால் மழைச்சாரல் என்று சொல்லிக்கொள்ளலாம். மழை விட்டு ஆறேழு மணி நேரம் ஆகியிருந்தது.

வண்டி குடைக்கடைக்கு நேராக வந்ததும் உள்ளிருந்து யாரோ தட்டினார்கள். நின்றது. தாசையன் இறங்கினார்.

கடை காலையிலிருந்து திறந்தே கிடந்ததை அப்போதுதான் கவனித்தோம். மெஷினில் பாதி தைத்த குடைச் சீலை அப்படியே கிடந்தது. தாசையன் சுவரில் சாத்திவைத்திருந்த ஒன்றாம் பலகையைத் தூக்கிக் காடியில் வைத்தார். நகர்த்தினார். இரண்டாவதற்குத் திரும்பினார்.

பின்னால் வந்த காரிலிருந்து சபைப் போதகர் ஐயர் இறங்கி ஓடி வந்தார். "அண்ணே, சபையில ஆளுக காத்திருக்காங்க."

"இருக்கட்டும் ஐயரே. இதுவும் அவளுக்க காரியம்தான்."

உதவிக்கு வந்த உறவுக்காரர்களை விலக்கினார். மூன்றாவது பலகை ஏறுவதற்குள் பின்னால் நெய்யாற்றின்கரை பஸ் வந்து நின்றது. எதிரே களியக்காவிளைப் பக்கமிருந்து வந்த தமிழ்நாட்டு பஸ் நின்றது. இரண்டு மாநிலமும் சேர்ந்து ஹாரன் அடித்தன. யாரோ போய்ச் சொன்னார்கள். டிரைவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு எஞ்சினை நிறுத்தினார்கள். அதன் பிறகு தெருவில் பலகை காடியில் உரசும் சத்தம் மட்டும்தான்.

எண்பதை நெருங்கிய மனிதர். மழையில் மரம் ஊதியிருந்தது. நாலாவது பலகை பாதியில் சிக்கியது. தோளால் முட்டினார். போகவில்லை. மறுபடி முட்டினார்.

அப்போது ஒரு ஷட்டர் விழுந்த சத்தம் கேட்டது. ஷிபு. உயிரோடு இருந்த தன் அப்பாவுக்கு அஞ்சலி செலுத்திய மனிதருக்காக அவன் அடைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் நின்றான். அடுத்து ரப்பர் ஷீட் கடை. பிறகு மருந்துக்கடை, அரிசிக்கடை. யாரும் தீர்மானம் போடவில்லை. நான் சோமனைப் பார்த்தேன்.

சோமன் கஷ்டத்தில் இருந்தார். வேடிக்கை பார்க்க நின்றவர்களைக் கண்டு அவருடைய கண்ணாடிக் கதவு தானாகத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. உள்ளே ஏதோ சுவிட்சை அணைக்கச் சொல்லிக் கத்தினார். கடையில் ஓடிய பாட்டு நின்றது, கதவு நிற்கவில்லை. கடைசியில் அவரே இரண்டு கதவுக்கும் நடுவில் போய், இரண்டு கையாலும் இழுத்துச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். கதவு அவரை இடித்துத் திறக்கப் பார்த்தது. விடவில்லை. எனக்குப் பல வருடமாகத் தெரிந்த சோமனை அன்றுதான் முதல்முறையாக மதித்தேன்.

பதினொன்றாவது பலகை ஏறியது. தாசையன் பட்டையை மாட்டிப் பூட்டினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வண்டிக்குத் திரும்பும்போது என் பக்கம் பார்த்தார். என் ஷட்டர் இடுப்பு உயரத்தில் நின்றது.

"சாருக்கு சங்கத்துக்க லெட்டர் வேணுமோ?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரியாமல் கேட்பது போலத்தான் கேட்டார். நான் குனிந்து ஷட்டரைப் பிடித்து இழுத்தேன். ஒரு இழுப்பில் வரவில்லை. உள்ளே நின்றுகொண்டிருந்த என் மனைவி அந்தப் பக்கமிருந்து காலால் மிதித்து இறக்கிவிட்டாள்.

வண்டி நகர்ந்தது.

அடுத்த வாரம் கமிட்டி கூடியது. "சங்கத்தின் வேண்டுகோளை ஏற்றுத் தெரு முழுவதும் அடைத்து மறைந்த வியாபாரி ஞானப்பூ அவர்களுக்கு மரியாதை செலுத்தியது" என்று தீர்மானம் போட்டோம். மூன்று பாஷையிலும் அடித்தேன், கையெழுத்தும் போட்டேன். "வியாபாரி" என்ற சொல்லை யாரும் ஆட்சேபிக்கவில்லை. அது மட்டும்தான் அந்தத் தீர்மானத்தில் உண்மை.

தாசையன் இப்போதும் கடை திறக்கிறார். மெஷினில் அவரே உட்காருகிறார். அவர் தைத்த குடை இரண்டு மழை தாங்குவதில்லை. தெருவில் எல்லோரும் கொண்டுபோய்க் கொடுக்கிறோம், நனைகிறோம், மறுபடியும் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

சங்கத்துப் புத்தகத்தில் எழுதியதை இனி அடித்துத் திருத்த முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன். அன்று சங்கம் யாரையும் கேட்கவில்லை. ஞானப்பூ அக்காவுக்காகத் தெருவை அடைத்தவர் தாசையன். அவரைப் பார்த்து மற்றவர்கள் அடைத்தார்கள். எல்லோருக்கும் கடைசியாக அடைத்தவன் நான், அதுவும் என் மனைவி மிதித்த பிறகு.